படத்தின் ஓரத்தில் ஒரு கை

போன மாதம் வாயனசாலையில் நடந்த கூட்டத்துக்கு மொத்தம் மூன்று பேர் வந்தார்கள். அந்தச் சின்ன நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவக்கீன் ஒருவர். ஆறாம் வகுப்பு படிக்கும் சங்கரி ஒருத்தி. மூன்றாவது ஆள் மழைக்கு ஒதுங்கியவர். மழை விட்டதும் அவரும் எழுந்து போய்விட்டார்.

பேச வந்த ஆன்மேரி டீச்சர் பாவம், மீதி இரண்டு பேருக்காக ஒரு மணி நேரம் பேசினார். அதில் பாதி நேரம் சுவக்கீன் தூங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. பகல் முழுக்கத் தோட்டத்து ஜீப்பை ஓட்டுகிறவர்.

இந்த மாதம் நோட்டீஸ் ஒட்டும்போது அவர் சொன்னார்:

"ஏத்தா சங்கரி, இதுதான் கடைசித் தடவை. இப்பவும் ஆள் வரலேன்னா இனிமே கூட்டத்தை டவுனுக்கே கொண்டு போயிருவாங்களாம். அங்க நாற்காலி நெறைஞ்சிரும்ல."

சங்கரி நோட்டீஸைப் படித்தாள். 'நம் மண்ணின் வரலாறு, மூன்றாவது பேச்சு. ஆனைப்பாறைத் தோட்டம் உருவான கதை. ஞாயிறு மாலை மூன்று மணி.'

ஆனைப்பாறைத் தோட்டம் அவளுடைய தோட்டம். கேரளத்து உடும்பஞ்சோலையிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். பெரிய பெரிய மரங்கள், அடியில் ஏலச்செடிகள், நடுவே வளைந்து வளைந்து ஏறும் ஒரு ரோடு. ரோடு முடிகிற இடத்தில் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பத்து வீடுகள். அவளுடைய அம்மா முருகேஸ்வரி அங்கிருந்துதான் தினமும் காய் எடுக்கப் போகிறாள்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கும்போது, மலையாளம் டிவிஷனில் படிக்கும் ரிஞ்சு கேட்டாள்: "உங்க தோட்டத்துல என்ன ஹிஸ்டரி இருக்கு? ஏலக்காயும் அட்டைப்பூச்சியும்தானே இருக்கு?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். சங்கரியும் சேர்ந்து சிரித்துவிட்டாள். தான் ஏன் சிரித்தோம் என்று அன்று முழுக்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"சுவக்கீன் அண்ணே, நான் ஆள் கூட்டிட்டு வாரேன்."

"எத்தனை பேரை?"

"எல்லாரையும்."

சுவக்கீன் பசை டப்பாவை மூடினார். "பாப்போம், பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் யாரையும் அசைக்க முடியாது. ஆறு நாள் ஈரத்தில் குத்தவைத்துக் காய் எடுத்த உடம்பு. ஏழாம் நாள் துணி துவைக்க வேண்டும், விறகு எடுக்க வேண்டும், மிச்ச நேரம் முதுகை நீட்ட வேண்டும்.

முதல் வீடு பெரியமுத்துவுடையது. ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் அவருக்கு வேலை. கட்டிலில் படுத்திருந்தார்.

"மாமா, மூணு மணிக்கு வாயனசாலையில கூட்டம். டவுன்ல இருந்து டீச்சர் வாராங்க."

"வந்து?"

"பேசுவாங்க."

"பேசி?"

"பேசி முடிச்சதும் டீ தருவாங்க."

"டீ எங்க வீட்டுலயும் இருக்கு." பெரியமுத்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் வீட்டில் காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் வீட்டில் கதவே திறக்கவில்லை. நான்காம் வீட்டில் நாய் மட்டும் பதில் சொன்னது.

ஐந்தாவது வீடு குருவம்மாளுடையது. இந்த வருடத்தோடு வேலையிலிருந்து நிற்கப் போகிறவர். ஆனாலும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு முன்னால் கங்காணி பேர் கூப்பிடும் இடம். பேரைக் கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். குருவம்மாள் 'இருக்கேன்' என்றால் எதிர் மலைக்குக் கேட்கும்.

"கூட்டமா?" என்றார் குருவம்மாள். "அப்ப பேப்பரெல்லாம் கொண்டாரணுமா?"

வெளியிலிருந்து ஆள் வந்து கூட்டம் போட்டால், அது ஏதாவது பேப்பர் வேலையாகத்தான் இருக்கும். லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ரேஷன் கார்டு கேட்பார்கள், ஆதார் கேட்பார்கள். பிள்ளைக்கு ஜாதி சர்ட்டிபிகேட் வேண்டுமென்றால், பாட்டன் காலத்திலேயே இங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்டு என்பார்கள். அதனால் துண்டுக் காகிதத்தைக்கூட யாரும் தூக்கிப் போடுவதில்லை. வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் உண்டு. கூரை ஒழுகாத மூலையில் அது தொங்கும். மண் சரிந்தால் பிள்ளையை ஒரு கையிலும் கவரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும்.

சங்கரி பதில் சொல்வதற்குள் குருவம்மாள் கவரை இறக்கிவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ரேஷன் கார்டு. ஆதார். பேங்க் புத்தகம். கடைசியாக வெண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு பழைய போட்டோ. தாள் விலகியபோது சங்கரி எட்டிப் பார்த்தாள். ஒரு பாறை, அதன் முன்னால் வரிசையாக நிற்கும் ஆட்கள்.

"இதையும் எடுத்துக்கிறேன். எதைக் கேப்பாகளோ, யாரு கண்டா?"

'வேண்டாம் பெரியம்மா, இது சும்மா பேச்சுக் கூட்டம்' என்று சங்கரி சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தும்விட்டாள். ஆனால் போய் வந்த நான்கு வீடுகளும் ஞாபகத்துக்கு வந்தன.

"கொண்டு வாங்க பெரியம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு முன்னால் செய்தி ஓடியது. கடைசி வீட்டுக்கு அவள் போனபோது, "ஏத்தா, போட்டோ ரெண்டு போதுமா, மூணு வேணுமா?" என்று அவர்களே கேட்டார்கள். திரும்பி வரும்போது பெரியமுத்து வாசலில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா விறகுக் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு நல்ல சேலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"விறகு எடுக்கப் போகலையாம்மா?"

"பேப்பர் வேலை வந்திருக்குன்னாங்களே. விறகு நாளைக்குப் பாத்துக்கலாம்."

சங்கரி ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லாமலே வாயனசாலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மூன்று மணிக்கு வாயனசாலையில் ஐம்பத்து நான்கு பேர் இருந்தார்கள். இருபது நாற்காலிகள் நிறைந்து, மீதிப் பேர் பாயில் உட்கார்ந்தார்கள். எல்லார் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர்.

சுவக்கீன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஏத்தா, என்ன சொல்லிக் கூப்பிட்ட?"

சங்கரி ஏற்கெனவே நேராக இருந்த நாற்காலியை மறுபடி நேராக்கினாள்.

ஆன்மேரி டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இளவயது டீச்சர். மலையாளம் கலந்த தமிழில் பேசினார். அடிக்கடி வாக்கிய முடிவில், 'கேட்டீங்களா' என்பது போல, 'கேட்டோ' என்றார். சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் படங்கள் வந்தன. முதலில் ஒரு வரைபடம். அடுத்து ஓடு வேய்ந்த பங்களா. யாரும் இருமக்கூட இல்லை. ஆபீசில் உட்கார்வது போல அப்படி ஒரு அமைதி.

மூன்றாவது படத்தில் தொப்பி போட்ட ஒரு துரை இடுப்பில் கை வைத்து நின்றார். பின்னால் ஒரு பாறை.

"இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. அதுக்கு முன்ன இங்க ரோடே இல்லா. இந்தத் துரைதான் இந்த ரோட்டை வெட்டியது, கேட்டோ."

பின்வரிசையில் குருவம்மாளின் குரல் கேட்டது. "இவரா வெட்டினாரு? கடப்பாரையை எங்கிட்டுப் பிடிக்கணும்னு தெரியுமாமா இவருக்கு?"

இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

பெரியமுத்து எழுந்து நின்றார். "டீச்சர், கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேப்பரை எப்ப வாங்குவீங்க? எனக்கு மாட்டுக்குப் புல்லு அறுக்கணும்."

"என்ன பேப்பர்?" என்றார் டீச்சர்.

"ரேஷன் கார்டு, ஆதார். எதுக்கு வரச் சொன்னீங்களோ அது."

டீச்சர் சுவக்கீனைப் பார்த்தார். சுவக்கீன் சங்கரியைப் பார்த்தார். ஐம்பத்து நான்கு பேரும் சங்கரியைப் பார்த்தார்கள்.

சங்கரி எழுந்தாள்.

"பேப்பர் வேலை எதுவும் இல்ல. குருவம்மா பெரியம்மா கேட்டப்ப நான்தான் கொண்டு வாங்கன்னு சொன்னேன். ஆள் வரலேன்னா கூட்டத்தை டவுனுக்குக் கொண்டு போயிருவாங்கன்னு... தப்புத்தான்."

"நல்லா இருக்கே!" என்றார் பெரியமுத்து. "ஒரு நாள் படுக்கிறது. அதையும் கெடுத்துட்டியே!"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பாயில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அம்மாவும் கவரை எடுத்துக்கொண்டு, சங்கரியைப் பார்க்காமலே எழுந்தாள். திட்டியிருந்தால்கூடச் சங்கரிக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

எல்லோரும் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் சங்கரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். துரை இன்னும் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். பின்னால் அந்தப் பாறை. தும்பிக்கை போல இறங்கும் பாறை. ஆனைப்பாறை வளைவில் தினமும் பார்க்கிற பாறைதான்.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். படத்தின் வலது ஓரத்தில், துரைக்கு அந்தப் பக்கம், ஒரு கை. கை மட்டும். அது பாதிக் கூடையைப் பிடித்திருந்தது. மீதிக் கூடையும் கைக்குச் சொந்தக்காரரும் படத்துக்கு வெளியே போயிருந்தார்கள்.

"டீச்சர்," என்று கத்தினாள் சங்கரி. "இந்தக் கை யாரோடது?"

வாசலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். "அய்யோ. இத்தனை நாளும் இதை நான் கண்டதே இல்லா. புத்தகத்தில இப்படித்தான் இருந்தது. யாரோ வெட்டியிருக்கு."

சங்கரி வாசலுக்கு ஓடினாள். குருவம்மாளின் முந்தானையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, உங்க கவர்ல ஒரு போட்டோ இருந்துச்சே. பாறையும் ஆளுகளும். அதைக் காட்டுங்க."

"இனி அது எதுக்குடி?" குருவம்மாளுக்குக் கோபம் ஆறவில்லை.

"அதே பாறை பெரியம்மா. திரையில பாருங்க. அதே பாறை."

குருவம்மாளுக்குத் தூரத்துப் பார்வை மங்கல். முணுமுணுத்துக்கொண்டே திரைக்குப் பக்கத்தில் நடந்து போனார். முகத்தைத் துணிக்கு அருகில் வைத்துப் பார்த்தார். வெண்ணெய்த் தாளைப் பிரித்தார். போட்டோவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"எங்கம்மா கை" என்றார்.

வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

டீச்சர் அந்தப் போட்டோவைத் தம் போனில் படம் எடுத்துத் திரையில் போட்டார். சுவர் முழுக்க அது விரிந்தது. அதே பாறை, அதே துரை. ஆனால் துரை இப்போது இடது ஓரத்தில் சின்னதாக நின்றார். அவருக்கு அந்தப் பக்கம், வலது ஓரம் வரைக்கும் ஆட்கள். கடப்பாரை, மண்வெட்டி, சம்மட்டி, தலையில் கல் கூடை. ஒருத்தருக்கும் காலில் செருப்பு இல்லை. துரைக்கு அடுத்து நின்ற பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். கூடையைப் பிடித்திருந்த கை அவளுடையது.

"பேச்சியம்மா," என்றார் குருவம்மாள். "எங்கம்மா பேரு."

போட்டோவின் பின்பக்கம் பென்சிலில் பெயர்கள் இருந்தன. அந்தக் காலத்துக் கங்காணி எழுதியது.

"எனக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது," என்றார் டீச்சர். "சங்கரி வாசிக்குமோ?"

சங்கரி வாங்கிக்கொண்டாள். முதல் பெயரைப் படித்தாள்.

"கருப்பையா!"

"இருக்கேன்!" என்று ஒரு குரல் வந்தது. பெரியமுத்து.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியமுத்துவுக்கு வெட்கமாகப் போயிற்று. "பெரட்டுப் பழக்கம். எங்கய்யா பேருல்ல, அதான் வந்துருச்சு."

"அடுத்ததை வாசி" என்றார் குருவம்மாள்.

"ஒச்சம்மா!"

"இருக்கேன்." பாயிலிருந்து ஒரு பெண். "எங்க அப்பத்தா."

"சின்னாண்டி!"

"இருக்கோம்!" அண்ணனும் தம்பியும் ஒன்றாகச் சொன்னார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சங்கரி படித்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து குரல் வந்தது. சொன்னவர்கள் யாரும் பிறகு வாசல் பக்கம் போகவில்லை.

"சுப்பக்கா!"

அமைதி. சங்கரி மறுபடி படித்தாள். "சுப்பக்கா!"

"அவுகளுக்குப் பிள்ளைகுட்டி இல்ல," என்றார் குருவம்மாள். "பாறைக்கு வெடி வச்சப்ப கல்லு பட்டு, அன்னைக்கே போயிட்டாங்கன்னு அம்மா சொல்லும்." திரைப் பக்கம் திரும்பினார். பிறகு எதிர் மலைக்குக் கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்: "இருக்காங்க!"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இருபத்து மூன்று பெயர்கள். கடைசிப் பெயர் வரைக்கும் சங்கரி ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டே வந்தாள். அவர்கள் வீட்டுப் பெயர் எதுவும் அதில் இல்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"நம்ம குடும்பம் பிற்பாடு வந்தது ஆத்தா" என்றாள் அம்மா. பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். கூட்டத்தில் அவள் பேசிச் சங்கரி கேட்டதே இல்லை.

"டீச்சர், ரோட்டை ஒரு தடவைதான் போட்டாகன்னு எழுதிராதீங்க. பெருமழையில ஆனைப்பாறை வளைவுல மண்ணு சரிஞ்சுச்சு. லயத்துல ஒரு பிள்ளைத்தாச்சி வலியில கெடந்தா. மிஷின் வர ரெண்டு நாளாகும்னாங்க. நாங்க அறுபது பேரு விடிய ஆரம்பிச்சோம். மத்தியானத்துக்குள்ள ஜீப்பு போக வழி பண்ணிட்டோம்."

"ஜீப்பை ஓட்டினது நான்," என்றார் சுவக்கீன் அவசரமாக. "அந்தப் பிள்ளை இப்ப ஒண்ணாங் கிளாஸு."

"அதுக்குப் போட்டோ எதுவும் உண்டோ?" என்று கேட்டார் டீச்சர்.

"அன்னைக்கு யாரு போட்டோ எடுத்தா? கை இருக்கு." அம்மா வலது கையை நீட்டினாள். கட்டை விரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு தழும்பு. "இது அந்த ரோட்டுக் கல்லு கிழிச்சது."

டீச்சர் அந்தக் கையைப் படம் எடுத்தார். திரையில் அது வந்தபோது, பழைய போட்டோவை விடப் பெரிதாக இருந்தது. சங்கரி அதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். அந்தக் கைதான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறது. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது.

அதற்குப் பிறகு கவர்கள் எல்லாம் திறந்தன. ஒருவர் நம்பர் அடித்த பித்தளை வில்லையை எடுத்தார். முன்பெல்லாம் வேலைக்கு வந்தால் அதைக் காட்ட வேண்டுமாம். ஒருவர் அம்மை குத்திய சீட்டை எடுத்தார். இன்னொருவர் முதல் முதலாக லயத்துக்கு வந்த கடிதத்தை எடுத்தார். 'சீக்கிரம் வரவும்' என்ற ஒரு வரிதான் அதில் இருந்தது. டீச்சர் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"மாட்டுக்குப் புல்லு அறுக்கலையா மாமா?" என்று சங்கரி மெதுவாகக் கேட்டாள்.

"மாடு காத்திருக்கும்" என்றார் பெரியமுத்து. "டீச்சர், எங்கய்யா பேரைக் கருப்பையான்னு எழுதுங்க. சும்மா கருப்புன்னு போட்டுறாதீங்க."

சொன்னபடி டீயும் வந்தது. ஐம்பத்து நான்கு பேருக்குப் போதவில்லை. பாதிப் பாதியாகக் குடித்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னாள்: "நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரெண்டு கட்டு விறகு நீதான் எடுக்கணும்."

"ரெண்டா?"

"இன்னைக்கு விட்டது ஒண்ணு. பொய் சொன்னதுக்கு ஒண்ணு."

சங்கரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த கூட்டமும் அதே வாயனசாலையில்தான் நடந்தது. டவுனிலிருந்து இரண்டு ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். முதலில் பேசப் போகிறவர் குருவம்மாள் என்று நோட்டீஸில் இருந்தது. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழே இருபத்து மூன்று பெயர்கள், தமிழிலும் மலையாளத்திலும். பக்கத்தில் தழும்புள்ள ஒரு கையின் படம்.

அப்பாவோடு வந்திருந்த ரிஞ்சு போட்டோவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். கீழே இருந்த பெயர்களை விரல் வைத்துப் படித்தாள். பிறகு கேட்டாள்:

"சங்கரி, இதில துரை எங்க?"

"தேடிப் பாரு" என்றாள் சங்கரி. "எங்கயாவது ஓரத்துல இருப்பாரு. தொப்பி போட்டிருப்பாரு."